ஞாயிறு காலை ஐந்தரை மணி

கத்திரி தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். சென்னையை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாமல், ஒரு சனி ஞாயிறுக்குள், வீட்டில் இருப்பவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது? பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார், கூட நாத்தனார். கார் இல்லை. ஊட்டிதான் வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம், செலவைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. பக்கத்திலேயே ஏதாவது சொல்லுங்கள். மெரினா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
பெரம்பூர் வாசகி

மெரினாதான் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஊட்டி. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மாமியாரின் முழங்காலை வைத்துக்கொண்டு இரவு முழுக்கப் பேருந்தில் போய், மறுநாளே திரும்புவதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் மெரினா எனக்கும் வேண்டாம். அது ஞாயிறு சாயங்கால மெரினா. பஜ்ஜிக் கடைப் புகை, கூட்டம், வீடு திரும்ப ஆட்டோ கிடைக்காமல் நிற்பது. காலை ஐந்தரை மணி மெரினா வேறு ஊர் மாதிரி இருக்கும். மே மாதத்தில் சூரியன் 5.45-க்கெல்லாம் கடலிலிருந்து எழுந்துவிடும். பெரம்பூரில் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து சென்ட்ரல் வந்துவிடுங்கள். பிள்ளைகளோடு நாத்தனார் எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறி திருவல்லிக்கேணியில் இறங்கட்டும், பிள்ளைகளுக்கு அந்த ரயிலே பாதி சுற்றுலா. அந்த நிலையங்களில் படி அதிகம் என்பதால் மாமியாரை மட்டும் சென்ட்ரலிலிருந்து ஆட்டோவில் கூட்டிப் போங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியில் கடல் வரை போவதற்காக 2022 நவம்பரில் மணல்மேல் ஒரு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் கால் புதையாமல் அலைக்குப் பக்கத்தில் போய் நிற்பது முழங்கால் வலிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியாது. மாமியாரிடமே கேளுங்கள்.

அப்படியே திரும்பி, எதிரே இருக்கும் அந்த உருண்டை வடிவக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1842 வாக்கில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி கொண்டுவந்து சேமித்து வைத்த கிடங்கு அது, அதனால்தான் இன்றும் அந்தப் பக்கத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். பனிக்கட்டி மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து சென்னை வெயிலுக்கு வந்து சேர்ந்ததா என்று என் பேரன் நம்பவே இல்லை, மரத்தூள் சுற்றி அனுப்பிய கதையையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது.

எட்டு மணிக்குள் மணலை விட்டு வந்துவிடுங்கள். திருவல்லிக்கேணியில் சாம்பார் இட்லி. பிறகு வெயில் ஏறும்போது கூரைக்கு அடியில் இருக்க வேண்டும், அதற்கு எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. திமிங்கல எலும்புக்கூடு பிள்ளைகளுக்கு, திருவாலங்காட்டு நடராஜர் உங்களுக்கு, உட்கார இடம் மாமியாருக்கு. வெள்ளிக்கிழமை விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் திரும்பி வரும் செலவும் குறையும்.

போன சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனேன் சார். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மணிக்குள் இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. எல்லாமே கல்லாக இருக்கிறது என்கிறார். அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது?
நாவலூர் வாசகர்

தம்பி, தப்பு கல்லில் இல்லை, பதினொன்றரையில் இருக்கிறது. மே மாத மத்தியானத்தில் பஞ்ச ரதத்துக்குப் பக்கத்தில் நின்றால் எந்தத் தம்பதிக்கும் சண்டை வரும். கருங்கல் வெயிலைக் குடித்துவிட்டுத் திரும்ப உங்கள் மேலேயே கக்கும்.

தொல்லியல் துறை காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது. நாவலூரில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறுக்கு அங்கே. கடற்கரைக் கோவிலுக்கு முதலில் போங்கள், ஏனென்றால் வெளிச்சம் கடல் பக்கத்திலிருந்து வந்து விமானத்தின்மேல் விழும் அந்த அரை மணி நேரம் பிறகு கிடைக்காது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துக் கட்டுமானம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். இரண்டு சிவன் சன்னிதிக்கு நடுவில் பெருமாள் படுத்திருக்கிறார், நிறையப் பேர் அவரைப் பார்க்காமலேயே படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அதே டிக்கெட்டை வைத்து அன்றைக்கே பஞ்ச ரதமும் பார்க்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அர்ச்சுனன் தபசு. அந்தப் பாறையும் கிழக்கு பார்த்தது, எனவே காலை வெளிச்சத்தில்தான் அதில் இருப்பவர்களுக்கு உயிர் வரும். அது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும், நீங்கள் பூனையைத் தேடுங்கள். முனிவர் மாதிரியே கையைத் தூக்கித் தவம் செய்கிற ஒரு பூனை, அதை நம்பிப் பக்கத்திலேயே சுற்றும் எலிகள். யானையின் காலடியில்தான் இருக்கிறது, யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று மனைவியிடம் பந்தயம் கட்டுங்கள். அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, குரங்குக் குடும்பம் ஒன்று பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தனிக் கல்லில். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த சிற்பிக்கு நம்மைவிட நகைச்சுவை அதிகம்.

திரும்பும் வழியில் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை. சவுக்கு மரத்து நிழல் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு முருகன் கோவில் வெளிப்பட்டது, அடியில் செங்கல் கட்டுமானம், மேலே பல்லவர் காலக் கல் வேலை. ஒன்பதரைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்குப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும், அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் வரிசையாக வரும் கார்களைப் பார்த்தால் தனி ஆனந்தம்.

கடற்கரைக்குப் போனால் காற்று வரும் என்கிறார்கள். சில நாள் மூன்று மணிக்கும் அனலாக இருக்கிறது. கடற்காற்றுக்கு ஏதாவது நேரம் உண்டா?
வேளச்சேரி வாசகர்

உண்டு, ஆனால் அது தினமும் மாறும். நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. நிலத்தின் மேல் இருக்கும் காற்று சூடேறி மேலே போக, கடல் மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். நல்ல நாளில் உச்சி வெயிலுக்கு ஒட்டியே கரையோரத்தில் வந்துவிடும், வேளச்சேரி மாதிரி உள்ளே தள்ளி இருக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக எட்டும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாளில் அது கடற்காற்றைக் கரையிலேயே தள்ளி நிறுத்திவிடுகிறது. அந்த நாள்களில்தான் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி. அன்றைக்கு இருந்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

என் வழி ரொம்ப எளிது. பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பேன். கடல் பக்கம் பறந்தால் சாயங்காலத் திட்டத்தை ஆறு மணிக்குத் தள்ளிவைப்பேன்.

கோவளம் பக்கம் நல்ல வஞ்சிரம் வறுவல் எங்கே கிடைக்கும்? மேயில் போகிறோம்.
அசோக் நகர் வாசகர்

மேயில் வஞ்சிரத்தை மறந்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்யும் பருவம். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். ஆனாலும் தட்டில் வஞ்சிரம் வருகிறதே என்றால், அதில் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. அங்கே தடை ஜூன் 1-ல்தான் ஆரம்பம். விலையும் கூட, சுவையும் குறைவு.

ஃபைபர் படகும் கட்டுமரமும் இந்தக் காலத்திலும் போகும். அவர்கள் காலையில் கொண்டுவரும் சங்கரா, நெத்திலி, காணாங்கத்தை, முகத்துவாரத்து நண்டு, இறால், இதுதான் கோடையின் நிஜமான மீன் சாப்பாடு. கடையில் உட்கார்ந்ததும் பட்டியலைப் பார்க்காமல், "இன்னிக்குப் படகுல வந்தது எது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் தயிர் சாதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் எட்டுப் பேர் செமஸ்டர் முடிந்து கடலுக்குக் குளிக்கப் போகிறோம். எல்லாருக்கும் நீச்சல் தெரியும். எந்த பீச் நல்லது?
தாம்பரம் மாணவர்

எட்டுப் பேருக்கும் நீச்சல் தெரியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கிணற்றில், குளத்தில் கற்ற நீச்சலுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. மெரினாவில் குளிக்கவே தடை இருக்கிறது, அது சும்மா போட்ட தடை இல்லை.

நம் கரையில் ஆளைக் கொல்வது பெரிய அலை இல்லை. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக ஒரு வழி தேடும், ஒரு குறுகிய இடம் வழியாக ஆறு மாதிரி உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதியாக ஒரு பட்டை. "இங்கே அலை கம்மிடா, இங்கே இறங்கலாம்" என்று எட்டுப் பேரில் ஒருவன் கட்டாயம் சொல்வான். அங்கேதான் இறங்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் அதில் களைத்துத்தான் மூழ்குகிறான். மிதந்தபடி கரைக்கு இணையாக இடமோ வலமோ நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்த பிறகு அலையோடு கரைக்குத் திரும்புங்கள். இன்னொருவன் மாட்டினால் நீங்கள் பாயாதீர்கள். கயிறு, காலி கேன், எது மிதக்குமோ அதை எறியுங்கள். குப்பத்து ஆட்களைக் கூப்பிடுங்கள்.

பெசன்ட் நகரில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் முன்னால் நின்று படம் எடுக்காத கல்லூரிப் பிள்ளை சென்னையில் இருக்க முடியாது. 1930 டிசம்பரில், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. அடுத்த முறை செல்ஃபி எடுக்கும்போது ஞாபகம் வையுங்கள்.

எட்டுப் பேரும் தண்ணீரில் ஆசை தீர ஆட வேண்டும் என்றால் கோவளத்தில் காலை நேரம் அலைச்சறுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பலகை, கூடவே பயிற்சியாளர், பலர் அந்தக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்த பையன்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரையும் கோவளத்தில் இருக்கிறது, அங்கே காவலர் நிற்கும் எல்லைக்குள் இறங்கலாம். சாராயம் குடித்துவிட்டு எங்கேயும் வேண்டாம்.

பழவேற்காட்டில் படகுச் சவாரி உண்டா?
அம்பத்தூர் வாசகி

படகுக்காரர் யாராவது வந்து கூப்பிடுவார், போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு சுற்றுலாச் சவாரிக்குத் தடை. படகை மட்டுமே நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் படகு இல்லாமலேயே பழவேற்காடு ஒரு காலைப் பொழுதுக்குத் தாங்கும். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஆங்கிலேயர் சென்னைக்கு வருவதற்கு முன்பே டச்சுக்காரர்கள் இங்கே வந்து 1613-ல் கோட்டை கட்டினார்கள். கோட்டையில் இப்போது பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள், வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பிள்ளைகள் அலறுவார்கள், அப்புறம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். ஊருக்குள் பனை ஓலையில் பெட்டி முடையும் பெண்கள் இருக்கிறார்கள், பேரம் பேசாமல் இரண்டு வாங்குங்கள். பூநாரை பார்க்க வேண்டும் என்றால் குளிர்காலத்தில் இன்னொரு தடவை.

சில துண்டுக் கேள்விகள்

வேடந்தாங்கல், மே மாதம்? (செங்கல்பட்டு) நவம்பர் முதல் மார்ச் வரை போக வேண்டிய இடம். இப்போது போனால் காய்ந்த ஏரியும் நீங்களும்தான்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துப் போகலாமா, கூட்டம் இருக்காதே? (குரோம்பேட்டை) கூட்டம் மட்டும் இல்லை, பூங்காவே இருக்காது. செவ்வாய் விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய்தான். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள்.

சாலையோரப் பதநீரை நம்பலாமா? (மேடவாக்கம்) காலையில் நம்பலாம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்கத்தான், அந்த லேசான சுண்ணாம்பு வாசனை இருந்தால் நிம்மதியாகக் குடியுங்கள். மத்தியானம் வெயிலில் பிளாஸ்டிக் கேனில் நிற்பதை நான் தொடுவதில்லை, நுங்கு வாங்கிக்கொள்வேன். நுங்கில் கலப்படம் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

கடல் நீலமாக ஒளிருமாமே, எந்த மாதம்? (நீலாங்கரை) 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிரிகள் அலையில் உரசும்போது வரும் வெளிச்சம் அது. அவற்றுக்கு நாள்காட்டி கிடையாது. ராத்திரி மின்விசிறி போதாமல் கரைக்குப் போகிறவருக்கு ஒருநாள் அதிர்ஷ்டம் அடிக்கலாம்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கேட்கிறாள். இனியும் வாய்ப்பு இருக்கிறதா?
அடையாறு வாசகி

மே முதல் பாதிக்குள் என்றால் இருக்கலாம், அதற்கு மேல் பருவம் முடிந்துவிடும். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை நம் கரையில் ஏறி முட்டையிடும், ஒரு குழியில் நூறு முட்டைக்குக் குறையாமல் இருப்பது சாதாரணம். நாய், நரி, நம் கால்கள், எல்லாவற்றிடமிருந்தும் காப்பாற்ற அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து முட்டை தேடும் வேலையை 1988-லிருந்து மாணவர்கள் விடாமல் செய்கிறார்கள். வனத்துறையும் செய்கிறது. ஒன்றரை மாதம் கழித்துப் பொரிந்ததும் பெரும்பாலும் சாயங்காலத்தில் அலைக்கு முன்னால் விடுவார்கள்.

மகளிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, செல்போன் வெளிச்சம் கூடாது. குஞ்சுகள் எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும், காலங்காலமாக அது கடலாக இருந்தது, இப்போது தெருவிளக்காக இருக்கிறது. இரண்டு, தூக்கிக் கடலில் விட வேண்டாம், அது தானே நடந்து போகட்டும். இந்த வருஷம் தவறிப்போனால் ஜனவரியில் இரவு நடைக்குப் பெயர் கொடுங்கள், ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், ஐந்தாம் வகுப்புக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் அந்த வயசில் தூக்கம் கெட்டால் ஒன்றும் ஆகாது.

எல்லாருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் எங்கே போவீர்கள்?
போரூர் வாசகர்

சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்தைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டருக்குள், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை ஒன்று கடலைப் பார்த்துக்கொண்டு பாதி இடிந்து நிற்கிறது. 1782-ல் இதே கரைக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. உள்ளே டச்சுக் கல்லறைகள், பூட்டிய கதவுக்குப் பின்னால், காவலரிடம் கேட்டால் திறந்துவிடுவார். கல்லில் செதுக்கிய கப்பலையும் கவசத்தையும் எழுத்துகளையும் தடவிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டலாம். மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை, அது எனக்குச் சௌகரியம், இப்போது எழுதிக் கெடுத்துக்கொண்டேன்.

கோட்டைச் சுவர் நிழல் ஒன்பது மணி வரை தாங்கும். அதற்குள் வெளியே வந்து ஒரு டீ, இரண்டு பருப்பு வடை. பதினொன்றுக்கு வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மேல் யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம்.